தனி டிஜிட்டல் பேக்கா, ஒன்றிணைந்த கேமராவா? "திறந்த அமைப்பு" என்ற சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம்?

நிழற்கூடம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஓவியங்களையும் பழைய வரைபடங்களையும் அச்சுக்காகவும் ஆவணப் பாதுகாப்புக்காகவும் படமெடுத்துத் தருவது என் தொழில். இடையிடையே கைக்கடிகாரம் போன்ற சிறு பொருள்களின் விளம்பரப் படங்களும் வரும். பதினான்கு ஆண்டுகளாக ஒரே கருவித் தொகுதியில் வேலை செய்துவருகிறேன். ஒரு நிறுவனத்தின் மீடியம் ஃபார்மட் பாடி (சாதாரணக் கேமராவைவிடப் பெரிய சென்சாருக்கான உடல்பகுதி), அதன் பின்புறத்தில் வேறொரு நிறுவனத்தின் டிஜிட்டல் பேக் (சென்சார் உள்ள, கழற்றக்கூடிய பின்பகுதி), கணினியில் அந்த பேக்குக்கான மென்பொருள், இவ்வளவுதான் அந்தத் தொகுதி. தேவைப்படும்போது பேக்கைக் கழற்றி, அடாப்டர் தகட்டின் துணையோடு டெக்னிகல் கேமராவில் (லென்ஸை மேலும் கீழும் நகர்த்த வழி தரும் கேமரா) மாட்டிக்கொள்வேன். வாங்கிய நாளில் இதை, பிற நிறுவனங்களின் பாகங்களும் பொருந்தும் "திறந்த அமைப்பு" என்று சொல்லித்தான் விற்றார்கள். நானும் அந்தச் சொல்லை நம்பித்தான் வாங்கினேன்.

சென்ற மாதம் பேக்கின் ஃபயர்வயர் துளை (கணினிக்கான கேபிளைச் செருகும் இடம்) தளர்ந்துவிட்டது. கேபிளை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விரலால் தாங்கிப் பிடித்திருந்தால் படம் கணினியில் இறங்குகிறது; விரலை எடுத்தால் பாதிப் படத்தோடு தொடர்பு அறுந்துவிடுகிறது. பேக்கைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதியபோது, அந்த மாதிரிக்கு உதிரிபாகங்கள் நின்றுவிட்டன என்றும், பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளலாம் என்றும் பதில் வந்தது. அவர்களுடைய இப்போதைய பேக்கோ என் பாடியில் பொருந்தாது. பாடியைத் தயாரித்த நிறுவனத்தைக் கேட்டால், பிறர் பேக்குகளுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். இரண்டு நிறுவனங்களுமே திறந்த அமைப்பு என்று சொன்னவைதாம். எனக்குத் தேவை வந்தபோது இரண்டு கதவும் சாத்தியிருந்தன.

இப்போது புதிதாக வாங்கியே ஆக வேண்டும். பாடி, சென்சார், லென்ஸ், மென்பொருள் எல்லாம் ஒரே நிறுவனத்திடமிருந்து வரும் மூடிய கேமராவை வாங்கினால், குறைந்தது பழுது வரும்போது யாரைக் கேட்பது என்பதிலாவது குழப்பம் இருக்காது. மறுபக்கம், பேக்கைத் தனியாகக் கழற்றி வேறொன்றில் மாட்ட முடியாத கருவியால் என் ஓவியப் படவேலையில் பாதி நின்றுபோகும். பெரிய ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்க முடியாதபோது லென்ஸை மேலே நகர்த்தி எடுக்கும் வசதி எனக்கு இன்றியமையாதது.

மூடிய அமைப்பு தரும் தொழில்நுட்ப நன்மை உண்மையானதா, அல்லது வாடிக்கையாளரைக் கட்டிப்போடச் சொல்லப்படும் காரணமா என்பதை இரண்டு வகையிலும் வேலை செய்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும். எந்த நிறுவனத்தை வாங்குவது என்று நான் கேட்கவில்லை. எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதே என் கேள்வி.

---

மைக்ரான் (மறுமொழி):

நண்பருக்கு வணக்கம். கேமரா பழுதுபார்ப்பில், குறிப்பாக ஃபோகஸ் சீரமைப்பில், நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மூடிய அமைப்பின் நன்மை வெறும் விற்பனைப் பேச்சு அன்று. அதற்கு அளந்து காட்டக்கூடிய காரணம் இருக்கிறது.

லென்ஸ் உருவாக்கும் பிம்பம் ஒரு தளத்தில் விழுகிறது. சென்சாரின் மேற்பரப்பு அதே தளத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு விலகலாம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: அப்பர்ச்சர் எண்ணை (லென்ஸின் திறப்பு அளவைக் குறிக்கும் எண்), நீங்கள் பொறுத்துக்கொள்ளும் மங்கலின் அளவால் பெருக்கினால், முன்னும் பின்னும் அனுமதிக்கப்படும் தூரம் கிடைக்கும். 44க்கு 33 மில்லிமீட்டர் சென்சாரில் 50 மெகாபிக்சல் என்றால் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 5.3 மைக்ரான். எஃப்/4இல், ஒரு பிக்சல் அளவு மங்கலை மட்டும் ஏற்றுக்கொண்டால், பக்கத்துக்கு 0.02 மில்லிமீட்டர்தான் இடம். அதே அளவு சென்சாரில் 100 மெகாபிக்சல் என்றால் பிக்சல் 3.76 மைக்ரானாகக் குறைகிறது, இடமும் 0.015 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. சாதாரண எழுதுதாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எவ்வளவு நுண்மையான வேலை இது என்பது விளங்கும்.

இந்த நிலையில் பாடி ஒரு தொழிற்சாலையில், பேக் இன்னொரு தொழிற்சாலையில், இடையிலுள்ள அடாப்டர் தகடு மூன்றாவது இடத்தில் செய்யப்படுகின்றன. ஒவ்வொன்றும் தனக்கு விதித்த வரம்புக்குள் சரியாகவே இருக்கும். மூன்றின் சிறு பிழைகளும் ஒரே திசையில் சேரும்போது படம் கெட்டுவிடும். ஒருமுறை என் மேசைக்கு வந்த தொகுதி ஒன்றில், கண்ணாடித் திரையில் கடிகாரத்தின் பன்னிரண்டாம் எண்மேல் ஃபோகஸ் வைத்தால், படத்தில் அதற்கு முன்னாலிருந்த வளையம்தான் கூர்மையாக இருந்தது. பாடி நிறுவனம் பேக்கைக் காரணம் காட்டியது. பேக் நிறுவனம் பாடியைக் காரணம் காட்டியது. ஆழமானியால் அளந்தபோது, சென்சார் தளம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 0.05 மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. பேக்கைத் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாகக் கண்ணாடித் திரையின் அடியில் அதே தடிமனுள்ள உலோகத் தகடுகளை வைத்துச் சரிசெய்தேன். அந்தப் பாடிக்கும் அந்த பேக்குக்கும் மட்டும்தான் அந்தத் திருத்தம் செல்லும். உரிமையாளர் பின்னாளில் வேறொரு பேக்கை மாட்டியபோது தகடுகளை எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டியிருந்தது. திறந்திருந்ததற்காக அவர் ஒவ்வொரு முறையும் நேரத்தைச் செலவிட்டார்.

ஃபிலிம் காலத்தில் இது பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. ஃபிலிம் சுருள் முழுத் தட்டையாக நிற்பதில்லை, அதன் ரசாயனப் பூச்சுக்கும் ஓரளவு தடிமன் உண்டு என்பதால், நூறில் சில பங்கு மில்லிமீட்டர் விலகல் அதற்குள் கரைந்துபோயிற்று. சென்சார் கண்ணாடிபோல் தட்டையானது; பிழையை அது மறைப்பதில்லை.

ஹாசல்பிளாட் எடுத்த முடிவை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 2002இல் வந்த எச்1 பாடி, ஃபிலிம் மேகசினையும் பிற நிறுவனங்களின் டிஜிட்டல் பேக்குகளையும் ஏற்றது. 2004இல் அந்த நிறுவனம், டிஜிட்டல் பேக்குகளும் ஸ்கேனர்களும் செய்துவந்த இமாகானோடு இணைந்தது. 2006இல் வந்த எச்3டி, பிறர் பேக்குகளை ஏற்காத ஒன்றிணைந்த கேமராவாக வந்தது. அதன் மென்பொருள், எந்த லென்ஸ், எந்த அப்பர்ச்சர், எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் அறிந்து, லென்ஸின் வளைவையும் நிறப்பிறழ்ச்சியையும் ஓர இருட்டையும் கணக்கிட்டுத் திருத்தியது. பேக் யாருடையது என்று தெரியாத பாடியால் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது. பலர் அன்று கோபப்பட்டார்கள். பழுதுபார்ப்பவன் என்ற நிலையில் நான் கண்டது, ஃபோகஸ் பிழையோடு வரும் தொகுதிகள் குறைந்தன என்பதைத்தான்.

---

மூன்றாம் மவுண்ட் (மறுமொழி):

மைக்ரான் அவர்களின் கணக்கை நான் மறுக்கவில்லை. அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் காரணத்தின் வலு பாதியாகக் குறைந்துவிட்டது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். கண்ணாடித் திரையும், பாடியின் அடியில் தனியே இருந்த ஆட்டோஃபோகஸ் உணரியும், சென்சாரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் அன்றைய சிக்கல். 2016இல் ஹாசல்பிளாட் எக்ஸ்1டி அறிவிக்கப்பட்டதிலிருந்து மீடியம் ஃபார்மட்டிலும் உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராக்கள் வந்துவிட்டன. படத்தைப் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. லென்ஸ் தளம் சற்று முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும், நீங்கள் பார்க்கும் கூர்மைதான் கோப்பில் பதியும் கூர்மை. சென்சார் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மட்டும் அது இன்னும் பிழைதான். ஆகவே "துல்லியத்துக்காக மூடினோம்" என்ற விளக்கம் 2006இல் முழு உண்மை. இன்று அதை அப்படியே திருப்பிச் சொல்பவரை இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்.

அடுத்து, "திறந்த" என்ற சொல்லைப் பற்றி. நிழற்கூடம் அவர்களே, உங்களை ஏமாற்றியது கருவி அன்று, அந்தச் சொல்தான் என்று நினைக்கிறேன். கேமரா உலகில் அந்த ஒரு சொல்லை வெவ்வேறு பொருள்களில் புழங்குகிறார்கள். லென்ஸைப் பாடியோடு இணைக்கும் மவுண்ட்டுகளைப் பாருங்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பது 2008இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த பொதுத் தரம்; எல் மவுண்ட் 2018இல் லைக்கா, பானசோனிக், சிக்மா ஆகிய மூன்றும் கூட்டாக ஏற்றுக்கொண்டது; சோனி தன் ஈ மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011இல் கட்டணமின்றிப் பிற தயாரிப்பாளர்களுக்குத் தந்தது, ஆனால் உரிம ஒப்பந்தத்துக்கு உட்பட்டு. கேனன் தன் ஆர்எஃப் மவுண்டை 2018இல் அறிமுகப்படுத்தி, 2024இல்தான் சிக்மாவையும் டாம்ரானையும் உரிமத்தோடு உள்ளே விட்டது, அதுவும் ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சாருக்கான லென்ஸ்களிலிருந்து தொடங்கி. இவற்றில் எதுவுமே கதவில்லாத வீடு அன்று. சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

நான் இவற்றை வேறு விதமாகப் பிரித்துப் பார்க்கிறேன். ஓர் இணைப்பு அளந்து அறியக்கூடியதா, அல்லது கேட்டு அனுமதி பெற வேண்டியதா என்பதே என் பிரிவினை. எம்42 திருகு மவுண்ட்டை நினைத்துப் பாருங்கள்: 42 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் புரியிடை. காலிப்பர் கையில் இருக்கும் எந்தப் பட்டறைக்காரரும் அதற்கு வளையம் கடைந்துவிடலாம். அந்த லென்ஸ்களைச் செய்த தொழிற்சாலைகள் பல மூடப்பட்ட பிறகும், லென்ஸ்கள் இன்றைய கேமராக்களில் வேலை செய்கின்றன. மின்தொடர்புள்ள மவுண்ட்டில் நிலைமை வேறு. நிக்கான் இசட் மவுண்ட்டின் தளத்தொலைவு (மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம்) 16 மில்லிமீட்டர், சோனி ஈ மவுண்ட்டுக்கு 18 மில்லிமீட்டர். இடையிலுள்ள 2 மில்லிமீட்டரில் ஒரு வளையம் செய்வது கடைசல்காரருக்கு அரைநாள் வேலை. ஆனால் அந்த லென்ஸின் மோட்டாரை இந்தப் பாடி அசைக்க வேண்டுமானால், இரண்டு பக்க உரையாடலையும் யாராவது ஒட்டுக்கேட்டுப் புரிந்துகொண்டு, வளையத்துக்குள் ஒரு சில்லை வைத்து மொழிபெயர்க்க வேண்டும். கேமராவின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் அடுத்த வெளியீட்டில் உரையாடலின் ஒரு சொல் மாறினால் எல்லாம் நின்றுவிடும்.

இதற்கு ஹாசல்பிளாட்டிலேயே எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. 2024இல் வந்த 100 மெகாபிக்சல் சிஎஃப்வி 100சி பேக், 1957 முதல் செய்யப்பட்ட அவர்களுடைய வி வரிசை பாடிகளில் பெரும்பாலானவற்றில் பொருந்துகிறது. அந்தப் பாடிகளில் பலவற்றில் மின்சாரமே இல்லை. ஷட்டர் இயங்கும்போது பாடியின் பின்புறத்தில் ஓர் ஊசி அசைகிறது. பேக் அதை உணர்ந்து விழித்துக்கொள்கிறது. அதே நிறுவனத்தின் எச் வரிசையில் பாடியும் பேக்கும் மின்தொடர்பு வழியாகப் பேசின; அங்கே சாத்திய கதவைத் திறக்க, 2011இல் எச்4எக்ஸ் என்ற பாடியைத் தனியே வெளியிட வேண்டியிருந்தது. வி வரிசையும் யாரும் கூட்டாக அறிவித்த திறந்த தரம் அன்று. எளிமையாக இருந்தது, அதனால் நிலைத்தது.

திறந்திருந்தால் மட்டும் பிழைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஹை6 என்ற பாடி, ரோலை, சினார், லீஃப் ஆகிய பெயர்களில், ஒன்றுக்கு மேற்பட்ட பேக்குகளை ஏற்கும் திறந்த மேடையாகவே 2006இல் அறிவிக்கப்பட்டது. கேமராவாக அது அருமையானது. கையில் பிடித்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதைத் தயாரித்த ஃபிராங்கே அண்ட் ஹைடெக்கே 2009இல் திவாலானது. லீஃப் நிறுவனமும் அதே ஆண்டில் ஃபேஸ் ஒன்னின் கைக்குப் போனது. உங்கள் ஃபயர்வயரும் அப்படித்தான்: 1995இலேயே ஐட்ரிபிள்ஈ 1394 என்று பொதுத் தரமாக வெளியிடப்பட்டது, யாரும் செய்யலாம் என்றிருந்தது. இன்றைய கணினிகளில் அந்தத் துளையே இல்லை. அதனால் உங்கள் துளையைப் பற்றவைத்துச் சரிசெய்தாலும் சில ஆண்டுகள்தான் ஓடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

---

கோப்பறை (மறுமொழி):

இருவரும் இரும்பையும் கண்ணாடியையும் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் படங்களைப் பாதுகாக்கும் பக்கத்தில் இருப்பவள். நிழற்கூடம் அவர்கள் ஓவியங்களை ஆவணப்படுத்துகிறார் என்பதால் இதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: கேமரா பத்து ஆண்டுகள் இருக்கும், அதில் எடுத்த கோப்பு அதைவிடப் பல மடங்கு காலம் இருந்தாக வேண்டும். அந்த ஓவியம் நாளை சிதைந்தால் உங்கள் ரா கோப்பு, அதாவது சென்சாரின் பதப்படுத்தாத பதிவுதான் மூலம். ஆகவே மவுண்ட் மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் கோப்பு மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

2005இல் நிக்கான் டி2எக்ஸ் வந்தபோது, அதன் நெஃப் என்ற ரா கோப்புகளில் வெண்சமநிலைத் தகவல் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அளவு) மறையாக்கம் செய்யப்பட்டிருப்பது தெரியவந்தது. புகைப்படக்காரர் தன் கையால் எடுத்த படத்தில், தான் தேர்ந்த வெண்சமநிலையைப் பிற மென்பொருள் படிக்க முடியாமல் போனதை ஒட்டிப் பெரும் விவாதம் எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அடோபி, டிஎன்ஜி என்ற ரா வடிவத்தை, விவரக்குறிப்பு முழுவதையும் வெளியிட்டு, உரிமத்தொகை இல்லாமல் அறிமுகப்படுத்தியிருந்தது. 2009இல் வந்த லைக்கா எஸ்2, 2010இல் வந்த பென்டக்ஸ் 645டி போன்ற கேமராக்கள் டிஎன்ஜியிலேயே பதிவு செய்யும் வசதியோடு வந்தன. மற்ற பெரும்பாலான நிறுவனங்கள் இன்றும் தத்தமது வடிவங்களையே வைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திறந்த மென்பொருள்கள் படிக்கின்றன என்றால், அதற்குக் காரணம் நிறுவனங்களின் தாராளம் அன்று. 1997இல் தொடங்கிய டிசிரா என்ற சிறு நிரலிலிருந்து, அதை ஒட்டி வளர்ந்த லிப்ரா வரை, ஒவ்வொரு கேமராவின் கோப்பையும் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்த தனிமனிதர்களின் உழைப்புதான் காரணம். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். என் அறையிலுள்ள பழைய கோப்புகளில் சிலவற்றை இன்று அந்த வழியில் மட்டுமே திறக்க முடிகிறது.

டிஎன்ஜி என்ற மூன்றெழுத்தைக் கண்டவுடன் நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. உறை பொதுவானது என்றாலும், உள்ளே நிறுவனம் தனக்கென்று எழுதிக்கொள்ளும் பகுதி ஒன்று இருக்கலாம். அதை மற்ற மென்பொருள்கள் தொடாமல் கடந்துபோகும். மைக்ரான் அவர்கள் புகழ்ந்த லென்ஸ் திருத்தமே இதற்கு எடுத்துக்காட்டு. கண்ணாடியில் செய்ய வேண்டியதில் ஒரு பங்கைக் கணக்கில் செய்துகொள்ளலாம் என்று லென்ஸை வடிவமைக்கும்போது, அந்தக் கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது உங்கள் படத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. 2009இல் வெளிவந்த டிஎன்ஜி 1.3 பதிப்பு, வளைவு, ஓர இருட்டு போன்ற திருத்தங்களைக் கோப்புக்குள்ளேயே எல்லாரும் படிக்கும் வகையில் எழுதிவைக்க வழி செய்தது. உங்கள் கேமரா அப்படி எழுதுகிறதா, அல்லது திருத்தம் நிறுவனத்தின் மென்பொருளுக்குள் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், அந்த மென்பொருள் ஓடாத நாளில் உங்கள் ஓவியத்தின் சட்டம் வளைந்து நிற்கும்.

மென்பொருளும் ஒரு கதவுதான். ஃபேஸ் ஒன் குழுமத்திலிருந்து வந்த கேப்சர் ஒன், கேபிள் வழிப் படப்பிடிப்பில் பலரும் விரும்பும் கருவி. ஆனால் அது நெடுங்காலம் போட்டி நிறுவனங்களின் மீடியம் ஃபார்மட் கேமராக்களுக்கு இடம் கொடுக்கவில்லை. ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் வரிசைக்கான ஆதரவு 2018இல்தான் வந்தது. கேமரா உங்கள் கைக்கு வந்த பிறகும், பழகிய மென்பொருள் அதை ஏற்குமா என்பது வேறு யாரோ எடுக்கும் வணிக முடிவாக இருக்கலாம்.

ஆகவே என் ஆலோசனை இது. வாங்குவதற்கு முன் அந்தக் கருவியை வாடகைக்கு எடுங்கள். நேர்கோட்டுக் கட்டங்களும் நிறப்பட்டைகளும் உள்ள அட்டையை, நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு லென்ஸிலும் எடுங்கள். அதே கோப்பை நிறுவனத்தின் மென்பொருளிலும், அதோடு தொடர்பே இல்லாத இரண்டு மென்பொருள்களிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நிறம் சற்று மாறினால் கவலையில்லை. அதை அட்டையை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். கோடு வளைந்தால், அல்லது கோப்பு திறக்கவே மறுத்தால், மவுண்ட் எத்தனை திறந்திருந்தாலும் அந்தக் கருவி ஆவண வேலைக்கு ஆகாது.

---

மைக்ரான் (மறுமொழி):

மூன்றாம் மவுண்ட் அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். கண்ணாடி இல்லாத கேமராவில் தளப்பிழையை ஃபோகஸே விழுங்கிவிடும். ஆனால் கேட்டவர் பேக்கைக் கழற்றி டெக்னிகல் கேமராவில் மாட்டப்போகிறார் என்பதை மறந்துவிட வேண்டாம். அங்கே லென்ஸின் தூர அளவுகோலும் முடிவிலி நிறுத்தமும் (மிகத் தொலைவுக்கான ஃபோகஸ் எல்லை) அடாப்டர் தகட்டின் தடிமனை நம்பித்தான் இருக்கின்றன. ஆல்பா போன்ற டெக்னிகல் கேமராக்களில் பேக் இணைப்பின் இடையே 0.01 மில்லிமீட்டர் படிநிலையில் தகடுகளைச் சேர்த்துச் சரிசெய்யும் ஏற்பாடு இருப்பது இதற்காகத்தான். திறந்த அமைப்பு என்றால் அந்தச் சீரமைப்பு உங்கள் வேலை. மூடிய அமைப்பு என்றால் தொழிற்சாலையின் வேலை. யார் செய்தாலும் யாராவது செய்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்று. லென்ஸை நகர்த்தி எடுக்கும்போது சென்சாரின் ஒரு பக்கம் பச்சையாகவும் எதிர்ப்பக்கம் இளஞ்சிவப்பாகவும் சாயும், குறிப்பாக அகலக்கோண லென்ஸ்களில். ஒளி மிகச் சாய்வாக வந்து விழுவதே காரணம். பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டை லென்ஸின் முன்னால் பிடித்து, அதே நகர்த்தலில், அதே அப்பர்ச்சரில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பின்னர் மென்பொருளில் அதைக்கொண்டு சாயலைச் சரிசெய்துவிடலாம். இந்த வேலையை எல்லா மென்பொருள்களும் செய்வதில்லை. கோப்பறை அவர்கள் சொன்ன சோதனையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

நிழற்கூடம் (மறுமொழி):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், நீங்கள் சொன்ன சோதனையைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்ததுதான்.

இரண்டு தொகுதிகளை மூன்று மூன்று நாள்கள் வாடகைக்கு எடுத்தேன். முதலாவது முழுக்க ஒன்றிணைந்த கேமரா. கையில் எடுத்த முதல் மணி நேரத்திலேயே அதன் அருமை தெரிந்தது. ஃபோகஸ், நிறம், கேபிள் இணைப்பு எதிலும் ஒருமுறைகூடத் தடங்கல் இல்லை. அதன் நீண்ட லென்ஸில் எடுத்த கோப்பு மூன்று மென்பொருள்களிலும் ஒரே வடிவத்தில் திறந்தது. அகலக்கோண லென்ஸில் மட்டும், நிறுவனத்தின் மென்பொருளில் நேராக நின்ற கட்டங்கள், மற்ற இரண்டில் ஒன்றில் வெளிப்பக்கம் உப்பி நின்றன. அளந்து பார்த்தபோது, படத்தின் நீண்ட ஓரத்தில் நடுப்பகுதி கிட்டத்தட்ட நாற்பது பிக்சல் விலகியிருந்தது. கோப்பறை அவர்கள் முன்கூட்டிச் சொல்லியிராவிட்டால், இதை நான் சில ஆண்டுகள் கழித்துத்தான் கண்டுபிடித்திருப்பேன்.

இரண்டாவது, கழற்றக்கூடிய பேக்கோடு வரும் தொகுதி. அதன் சிறிய பாடியில் அதே நிறுவனத்தின் லென்ஸ்களோடு மூடிய அமைப்பாக இயங்குகிறது. பேக்கை மட்டும் கழற்றி என் டெக்னிகல் கேமராவில் மாட்டினால், அங்கே மின்பேச்சு எதுவும் தேவைப்படுவதில்லை. மூன்றாம் மவுண்ட் அவர்களின் சொற்களில், அது அளந்து அறியக்கூடிய இணைப்பாகவே இருக்கிறது. டெக்னிகல் கேமராவின் லென்ஸ்களில் கணக்குத் திருத்தத்தை நம்பிய வடிவமைப்பு இல்லை என்பதால், மூன்று மென்பொருள்களிலும் கோடுகள் நேராகவே நின்றன. அக்ரிலிக் தகட்டுச் சோதனையில் ஒரு மென்பொருள் தோற்றது, இரண்டு தேறின. நிறச்சாய்வு, மைக்ரான் அவர்கள் சொன்ன அதே பச்சையும் இளஞ்சிவப்பும்தான். 12 மில்லிமீட்டர் நகர்த்தலுக்கு மேல்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆகவே இரண்டாவதை வாங்க முடிவு செய்துவிட்டேன். கடிகாரம் போன்ற பொருட்படங்களை அதன் சொந்த பாடியிலும் லென்ஸிலும் எடுப்பேன். அங்கே பூட்டு இருந்தாலும் எனக்கு இழப்பில்லை, ஏனெனில் அந்தப் படங்களின் ஆயுள் ஒரு விளம்பரத்தின் ஆயுள்தான். ஓவியங்களும் வரைபடங்களும் டெக்னிகல் கேமராவில்தான். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, டிஎன்ஜி படி ஒன்றையும், அக்ரிலிக் தகட்டுப் படத்தையும் அதே உறையில் சேர்த்து வைக்கப்போகிறேன்.

பழைய பேக்கை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. விரலால் பிடித்தால் இன்றும் படம் இறங்குகிறது. அடாப்டர் தகடு அடுத்த வாரம் வருகிறது. அதைச் சீரமைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும், மைக்ரான் ஐயா?

---

மைக்ரான் (மறுமொழி):

நல்ல முடிவு. தகடு வந்தவுடன் அதை மாட்டுவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் பஞ்சு இழைகூட ஒட்டாத துணியால் துடையுங்கள். ஒரு தூசித் துகள் போதும், 0.02 மில்லிமீட்டர் போய்விடும். பிறகு கேமராவை அசையாமல் நிறுத்தி, தூரத்திலுள்ள கட்டடம் ஒன்றின் செங்கல் வரிசையை லென்ஸின் முடிவிலி நிறுத்தத்தில், அப்பர்ச்சரை முழுவதும் திறந்து எடுங்கள். நடுப்பகுதியை முதலில் பார்க்க வேண்டாம். நான்கு மூலைகளையும் தனித்தனியே நூறு சதவீதத்தில் பாருங்கள். இடப்பக்க மூலைகள் இரண்டும் மங்கி, வலப்பக்கம் கூர்மையாக இருந்தால் சாய்வு இருக்கிறது; தகடு சேர்த்துப் பயனில்லை, அடாப்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நான்கும் ஒரே அளவில் மங்கியிருந்தால் மட்டும் 0.01 மில்லிமீட்டர் தகடு ஒன்றைச் சேர்த்தோ எடுத்தோ மறுபடி எடுங்கள். எந்தத் தடிமனில் கூர்மை வந்தது என்பதை அடாப்டர் தகட்டின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி வையுங்கள்.

பழைய பேக்கை வீச வேண்டாம். ஃபயர்வயர் துளையைப் பற்றவைப்பது கடினமான வேலை அன்று; பலகையிலுள்ள செம்புப் பூச்சு பெயர்ந்துவராமல் இருந்தால் போதும். பின்மூடியைத் திறந்து துளையின் கால்களை நெருக்கமாக ஒரு படமெடுத்து இங்கே இடுங்கள்; பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.